2147483647 பகா எண் என்பதற்கு எது நிரூபணம்?

கேள்வி கேட்டவர் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வந்து இளநிலைக் கணிதம் படிக்கும் மாணவர் என்று தம்மைக் குறிப்பிட்டிருக்கிறார். 2147483647 என்ற எண் பகா எண்தானா என்று பார்க்க அவர் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறார். 2ஐ 2147483646 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதை 2147483647ஆல் வகுத்தபோது மீதி 1 வந்தது. ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வதும் இதைத்தானே, ஆகவே எண் பகா எண் என்று நிரூபித்துவிட்டேன் என்பது அவர் வாதம். உடன் படிக்கும் நண்பர் அதை நிரூபணமாக ஏற்க மறுக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, கணிப்பொறி இல்லாத பதினெட்டாம் நூற்றாண்டில் கணிதர் ஆய்லர் இதை எப்படி நிரூபித்தார், கணிப்பொறிகளில் இந்த எண் அடிக்கடி தென்படுவதற்கு அது பகா எண்ணாக இருப்பதுதான் காரணமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த எண்ணுக்கு உள்ள பண்புகளில் எவை பகாத்தன்மையால் வந்தவை, எவை 2³¹ − 1 என்ற அதன் வடிவத்தால் வந்தவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சேலத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் எண் கோட்பாடு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த எண்ணில் மாணவர்கள் தடுமாறும் இடமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துகொள்ளும் இடம்தான்.

முதல் கேள்வியில் நண்பர் சொல்வதே சரி. ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த எண்ணை அடிமானமாக, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணாக, எடுத்து அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அதனால் வகுத்தாலும் மீதி 1 வரும் என்பது ஃபெர்மாவின் தேற்றம். மீதி 1 வந்தால் எண் பகா எண் என்று அத்தேற்றம் எங்கும் சொல்லவில்லை. இது பாடநூலிலேயே உள்ள எச்சரிக்கைதான். ஆனால் உங்கள் சோதனையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த எண்ணுக்கு 2 என்ற அடிமானத்தில் மீதி 1 வருவது, நிரலை ஓட்டுவதற்கு முன்பே முடிவான செய்தி. 2³¹ஐ 2³¹ − 1ஆல் வகுத்தால் மீதி 1 என்பது பார்த்தவுடனே தெரியும். ஆகவே 31இன் மடங்காக உள்ள எந்த அடுக்குக்கு 2ஐ உயர்த்தினாலும் மீதி 1தான். நீங்கள் எடுத்த அடுக்கு 2³¹ − 2. 31 பகா எண்ணாக இருப்பதால், அதே ஃபெர்மா தேற்றத்தின்படி அந்த அடுக்கு 31ஆல் மீதியின்றி வகுபடும். எனவே உங்கள் நிரல் காட்டிய 1, எண்ணின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர அதன் பகாத்தன்மையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐயம் இருந்தால் 2¹¹ − 1 ஆகிய 2047ஐ அதே நிரலில் இட்டுப் பாருங்கள். 2046 என்பது 11 × 186 ஆதலால் அதற்கும் மீதி 1 வரும். ஆனால் 2047 = 23 × 89. நம் செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது மேற்பூச்சைத்தான் காட்டும், உள்ளே இருப்பதை அறிய உருக்கிப் பார்க்க வேண்டும் என்பார்கள். அடிமானம் 2இல் செய்யும் இச்சோதனையும் 2ⁿ − 1 வகை எண்களுக்கு அப்படிப்பட்ட உரைகல்தான்.

அடிமானத்தை மாற்றினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2047ஐ 3 என்ற அடிமானத்தில் சோதித்தால் மீதி 1 வராது. அப்போதே அது பகு எண் என்பது ஐயமின்றி உறுதியாகிவிடும். ஃபெர்மா சோதனையில் தோல்வி என்பது எப்போதும் முழு நிரூபணம்; வெற்றிதான் நிரூபணம் ஆகாது. 561 = 3 × 11 × 17 என்ற எண், தன்னோடு பொதுக் காரணி இல்லாத எல்லா அடிமானங்களிலும் இச்சோதனையில் தேறிவிடும். இத்தகைய எண்கள் முடிவின்றி உள்ளன என்பது 1994இல் நிரூபிக்கப்பட்டது. ஆகவே அடிமானங்களை அடுக்கிக்கொண்டே போவதால் மட்டும் நிரூபணம் கிடைத்துவிடாது.

ஆனால் உங்கள் நிரலைச் சற்றே திருத்தினால் முழுமையான நிரூபணமாகவே ஆக்கலாம். ஓர் எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணின் பகாக் காரணிகள் அனைத்தும் நமக்குத் தெரிந்தால் இது முடியும் என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்கா காட்டினார். நம் எண்ணுக்கு அந்தக் காரணிகளை வெறும் கையாலேயே காணலாம். 2147483646 என்பது 2 × (2³⁰ − 1). 2³⁰ − 1ஐ (2¹⁵ − 1) × (2¹⁵ + 1), அதாவது 32767 × 32769 என்று பிரிக்கலாம். 32767 = 7 × 31 × 151. 32769 = 3² × 11 × 331. பள்ளியில் படித்த வர்க்க வேறுபாட்டுச் சூத்திரம் பத்து இலக்க எண் ஒன்றை இவ்வளவு எளிதாகப் பிளந்து தருவதை ஒவ்வொரு முறை கரும்பலகையில் எழுதும்போதும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறேன். இப்போது அடிமானமாக 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 7ஐ 2147483646 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 வர வேண்டும். அந்த அடுக்கை 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஒவ்வொன்றாலும் தனித்தனியே வகுத்துக் கிடைக்கும் ஏழு அடுக்குகளில் ஒன்றில்கூட மீதி 1 வரக்கூடாது. இந்த எட்டுக் கணக்குகளும் இப்படியே அமைகின்றன, எனவே எண் பகா எண்.

இது ஏன் நிரூபணம் ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் கணக்கு, 7இன் அடுக்குகள் 2147483646 படிகளுக்குள் 1க்குத் திரும்பிவிடுகின்றன என்கிறது. மற்ற ஏழு கணக்குகளும் அவை அதற்கு முன்னால் எந்தப் படியிலும் திரும்புவதில்லை என்கின்றன. ஆக 7இன் அடுக்குகள் 2147483646 வெவ்வேறு மீதிகளைத் தருகின்றன. அவை அனைத்தும் நம் எண்ணோடு பொதுக் காரணி இல்லாதவை. பகு எண் எதற்கும், அதைவிடச் சிறியவையும் அதனோடு பொதுக் காரணி இல்லாதவையுமான எண்கள் அத்தனை இருக்க முடியாது, ஏனெனில் அதன் காரணிகளே அந்தக் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அடிமானம் 2 இந்த வேலைக்கு ஏன் உதவாது என்பதும் இங்கே விளங்கும். அது 31 படிகளிலேயே 1க்குத் திரும்பிவிடுகிறது. நிரல் எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரு மீதிகளின் பெருக்கல் பலன் 32 பிட் மாறிக்குள் அடங்காது. 64 பிட் மாறி வேண்டும். பலன் வழிந்துபோனால் நிரல் நிற்காமல் தவறான மீதியைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இனி ஆய்லர். 1772இல் கணிதர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் 2³¹ − 1 பகா எண் என்று அவர் அறிவித்தார். அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்தார். அவர் கையாண்ட முறை வகுத்துப் பார்ப்பதுதான்; எந்த எண்களால் வகுக்க வேண்டாம் என்று முதலிலேயே கழித்துவிட்டதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேல். அதற்குள் 4792 பகா எண்கள் உள்ளன. அத்தனையாலும் பத்து இலக்க எண்ணை வகுப்பது பெருவேலை. ஆய்லர் இரண்டு வடிகட்டிகளைப் போட்டார். ப என்ற பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பவால் வகுக்கும் கணக்கில் 2இன் அடுக்குகள் 31 படிகளில் 1க்குத் திரும்புகின்றன. 31 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் திரும்ப வழியில்லை. ஃபெர்மா தேற்றப்படி ப − 1 படிகளிலும் அவை 1க்குத் திரும்பியாக வேண்டும். எனவே ப − 1 என்பது 31இன் மடங்கு. ப ஒற்றை எண் ஆதலால் ப − 1 இரட்டை எண், எனவே அது 62இன் மடங்கும் ஆகும். இது முதல் வடிகட்டி. இரண்டாவது இன்னும் நுட்பமானது. 2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். அதாவது ஏதோ ஒரு வர்க்க எண்ணைப் பவால் வகுத்தால் மீதி 2 வருகிறது. அப்படி நேர வேண்டுமானால் பவை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால், பவை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 என்று ஆகிறது. 46340க்குள் இந்த இரு வகையிலும், 63ஐ நீக்கிவிட்டால், 372 எண்கள்தாம் உண்டு. அவற்றில் பகு எண்களைக் கழித்தால் மிஞ்சுபவை எண்பதை ஒட்டியவை. அவற்றில் ஒன்றும் மீதியின்றி வகுக்காததால் நிரூபணம் முடிந்தது.

ஏற்காட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்திய கோடை வகுப்புகளில் இந்த வகுத்தல்களைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே கற்றுக்கொடுத்த வழி நீண்ட வகுத்தலைவிடச் சுருக்கமானது. முதலில் வரும் 311ஐ எடுத்துக்கொள்வோம். 2⁸ = 256, அது 311க்கு 55 குறைவு, ஆகவே −55 என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வர்க்கம் 3025. 311இன் மடங்குகளைக் கழித்தால் −85. எனவே 2¹⁶க்கு −85. 2²⁴க்கு இவ்விரண்டின் பெருக்கல் பலனாகிய 4675. அதை 311ஆல் வகுத்தால் மீதி 10. அதை 2⁷ ஆகிய 128ஆல் பெருக்கினால் 1280, மீதி 36. ஆக 2³¹ − 1ஐ 311ஆல் வகுத்தால் மீதி 35, வகுபடவில்லை. அடுத்து 1303, அதன்பின் 1489. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை ஒவ்வொன்றையும் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஒரு வகுப்பறை முழுவதும் சேர்ந்தால் ஆய்லர் செய்ததை ஒரு பிற்பகலில் மீண்டும் செய்துவிடலாம். கணிப்பொறி சொன்னதை நம்புவதற்கும் தன் கையால் கண்டறிவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பிள்ளைகள் முகத்தில் பார்க்கலாம்.

ஆய்லருக்கு முன் இத்தாலியரான கட்டால்டி, 1603இல் வெளியான தம் நூலில், அடுக்கு 23, 29, 31, 37 ஆகிய நான்குக்கும் 2ⁿ − 1 பகா எண்ணே என்று சொல்லியிருந்தார். நான்கில் 31 ஒன்றுதான் சரி. 2²³ − 1ஐ 47 வகுக்கிறது, 2²⁹ − 1ஐ 233 வகுக்கிறது, 2³⁷ − 1ஐ 223 வகுக்கிறது. சரியான விடை கையில் இருப்பதும் அதற்கு நிரூபணம் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது. ஆய்லரின் எண் 1867 வரை மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. அந்த ஆண்டில் பிரெஞ்சுக் கணிதர் லாண்ட்ரி, 2⁵⁹ − 1இன் காரணியான 3203431780337 பகா எண் என்று காட்டினார்.

காரணிகளையே தேடாத முறை ஒன்றும் உண்டு. லூக்கா 1870களில் தொடங்கி, அமெரிக்கக் கணிதர் லேமர் 1930களில் செம்மைப்படுத்தியது. 4இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இப்படிச் செய்த பின் மீதி 0 ஆனால் எண் பகா எண். ஆகாவிட்டால் பகு எண். 2⁷ − 1 ஆகிய 127க்குச் செய்தால் 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்து முறையில் முடிகிறது. நம் எண்ணுக்கு 29 முறை. இந்த முறை 2ⁿ − 1 என்ற வடிவத்துக்கே உரியது. மேலே 7 என்ற அடிமானத்தில் செய்த நிரூபண முறையோ, தக்க அடிமானத்தை எடுத்தால், ஒன்று குறைவான எண்ணின் காரணிகள் தெரிந்த எந்தப் பகா எண்ணுக்கும் செல்லும். ஃபெர்மா சோதனையைக் கூர்மையாக்கி அமைத்த, இன்று நிரல்களில் பரவலாக உள்ள மில்லர்–ராபின் சோதனையை 2, 3, 5, 7 என்ற நான்கு அடிமானங்களில் செய்தாலும் இந்த எண்ணுக்கு அது நிரூபணமே, ஏனெனில் அந்த நான்கையும் ஏமாற்றும் மிகச் சிறிய பகு எண் 3215031751 என்று தேடிக் கண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலைக் கணிப்பொறி செய்தது. ஆகவே அது சரியான நிரூபணமானாலும் கையால் சரிபார்க்கக்கூடியது அன்று.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். குறியுடன் கூடிய, அதாவது நேர்ம, எதிர்ம எண்கள் இரண்டையும் கொள்ளும், 32 பிட் முழு எண்ணின் உச்ச அளவு 2147483647 என்பதால் அது எங்கும் தென்படுகிறது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படிப்பட்ட மாறியில் எண்ணும் பழைய அமைப்புகள், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் இந்த எண்ணை எட்டி, அடுத்த நொடியில் எதிர்ம எண்ணுக்குத் தாவும் என்பதும் இதனால்தான். இவற்றுக்கும் பகாத்தன்மைக்கும் தொடர்பே இல்லை. 16 பிட் மாறியின் உச்சமான 32767 = 7 × 31 × 151 என்று மேலே பார்த்தோம். 64 பிட் மாறியின் உச்சமான 2⁶³ − 1உம் 7ஆல் வகுபடும். நடுவில் உள்ள 31 பகா எண்ணாக அமைந்ததும், 2³¹ − 1உம் பகா எண்ணாக அமைந்ததும் பொறியாளர் எவரும் திட்டமிடாத தற்செயல்.

அந்தத் தற்செயலைப் பயன்படுத்திக்கொண்ட இடம் ஒன்று உண்டு. 7⁵ ஆகிய 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போவது, போலித் தற்செயல் எண்களை, அதாவது கணக்கிட்டே பெற்றாலும் தற்செயலாக வந்தவை போலத் தோன்றும் எண்களை, உண்டாக்கும் பழைய முறைகளில் ஒன்று. 1969இல் லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் அதை முன்வைத்தார்கள். 7இன் அடுக்குகள் எல்லா மீதிகளையும் தொட்டுச் செல்கின்றன என்று பார்த்தோமல்லவா? 5 என்பது 2147483646ஐ வகுக்காததால் 7⁵க்கும் அதே பண்பு உண்டு. ஆகவே 0 தவிர எதில் தொடங்கினாலும் 2147483646 எண்களும் வந்த பிறகே சுற்று திரும்பும். இது பகாத்தன்மையால் வந்த பயன். மீதி எடுப்பது எளிதாக இருப்பதோ வடிவத்தால் வந்த பயன்: இரும எண்ணின் மேல் பகுதியை வெட்டிக் கீழ் 31 பிட்டுகளோடு கூட்டினால் போதும், வகுக்கவே வேண்டாம். மறைகுறியாக்கத்துக்கு மட்டும் இந்த எண்ணைக் கொண்டுபோக வேண்டாம். ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியாக்க முறையில் இன்று வழக்கமாக எடுக்கும் பகா எண்களுக்கு முந்நூறு இலக்கங்களுக்கு மேல் உண்டு. பத்து இலக்கம் அங்கே ஒரு பாதுகாப்பும் தராது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இன்னும் சில உண்டு. இது பகா எண்களின் வரிசையில் 105097565ஆவது. இதற்கு இரட்டைப் பகா எண் கிடையாது: இரண்டு குறைவான எண் 5இல் முடிகிறது, இரண்டு கூடுதலான 2³¹ + 1ஐ 3 வகுக்கிறது. இதை 2³⁰ஆல் பெருக்கினால் வரும் 2305843008139952128, தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்கள் அனைத்தின் கூட்டலுக்குச் சமமான நிறைவெண். இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இப்படி மெர்சென் பகா எண்களிலிருந்தே, அதாவது 2ⁿ − 1 வடிவத்துப் பகா எண்களிலிருந்தே, வருகின்றன என்பதையும் நிரூபித்தவர் ஆய்லர்தான். ஒற்றைப்படை நிறைவெண் ஒன்றாவது உண்டா என்பதற்கு இதுவரை எவரிடமும் விடை இல்லை. மெர்சென் பகா எண்கள் முடிவின்றி உள்ளனவா என்பதும் அப்படியே. முடிவில்லை என்று எதிர்பார்ப்பதற்குக் காரணங்கள் உண்டு, நிரூபணம் கிடையாது. இதுவரை கண்டவை 52. கடைசியாக 2024இல் கண்டதன் அடுக்கு 136279841, அதற்கு நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன.

அடுக்காகப் பகா எண்ணை இட்டால் பகா எண்ணே வரும் என்ற எண்ணம் மாணவர்களிடம் அடிக்கடி எழும். 2047 அதைத் தகர்த்துவிட்டது. அடுக்காக மெர்சென் பகா எண்ணையே இட்டால் என்ன என்று கேட்டால், 3, 7, 31, 127 ஆகிய நான்குக்கும் பகா எண்ணே கிடைக்கிறது. நம் எண்ணை அடுக்காக இட்டால் வரும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். ஆனால் அதை 295257526626031 மீதியின்றி வகுக்கிறது. இந்தக் காரணி ஆய்லரின் முதல் வடிகட்டி கேட்கும் வடிவத்திலேயே இருக்கிறது: 2147483647ஐ 137490ஆல் பெருக்கி 1 கூட்டினால் இந்த எண் வரும். இதை நீங்களே சரிபார்க்கலாம். உங்கள் நிரலில் 2ஐ 2147483647 என்ற அடுக்குக்கு உயர்த்தி 295257526626031ஆல் மீதி காணுங்கள்; 1 வரும். அதிலிருந்து 1ஐக் கழித்தால் மீதி 0, அதாவது மீதியின்றி வகுபடுகிறது என்று ஆவதால், இங்கே அந்த 1 முழு நிரூபணம். இடையில் வரும் வர்க்கங்களுக்கு 64 பிட்டும் போதாது, ஆகவே எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தானே கையாளும் பைத்தான் போன்ற மொழியில் எழுதுங்கள்.